பியானோ கிரேடு தேர்வு: ஸ்கேலும் ஆர்பெஜியோவும் தயார் செய்வது எப்படி

தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போதுதான் பல வீடுகளில் ஸ்கேல் புத்தகத்தையே திறக்கிறார்கள். அதுவரை மூன்று பாடல்களைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருப்பார்கள். ஸ்கேல் என்பது சுரங்களை வரிசையாக ஏறி இறங்கி வாசிப்பது. ஆர்பெஜியோ என்பது ச க ப போலச் சுரங்களைத் தாண்டித் தாண்டி வாசிப்பது. நான் சென்னையில் வீட்டிலேயே பியானோ சொல்லித்தருகிறேன். என்னிடம் வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஏபிஆர்எஸ்எம் கிரேடுகளுக்குப் போகிறவர்கள், சிலர் ட்ரினிட்டிக்கு. இரண்டும் இசைத் தேர்வு நடத்தும் பிரிட்டிஷ் அமைப்புகள். எந்தத் தேர்வானாலும் ஸ்கேல் பகுதியில் மதிப்பெண் வாங்குவதுதான் இருப்பதிலேயே சுலபம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். என்னென்ன கேட்பார்கள் என்ற முழுப் பட்டியலும் சிலபஸிலேயே அச்சாகியிருக்கிறது. கேள்வித்தாளை முன்கூட்டியே கையில் கொடுத்துவிட்டு நடத்துகிற தேர்வு இது.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். ஏபிஆர்எஸ்எம் பிராக்டிகல் கிரேடில் மொத்தம் 150. மூன்று பாடல்களுக்குத் தலா 30, ஸ்கேல் ஆர்பெஜியோவுக்கு 21, முன்பு பார்க்காத இசையைப் பார்த்தவுடன் வாசிக்கும் சைட் ரீடிங்குக்கு 21, காதால் கேட்டுப் பதில் சொல்லும் ஆரல் டெஸ்டுக்கு 18. தேர்ச்சிக்கு 100, மெரிட்டுக்கு 120, டிஸ்டிங்ஷனுக்கு 130 வேண்டும். ஒரு பாடலில் 25 வாங்கும் நிலையில் இருக்கிற பிள்ளை 27க்கு ஏற வேண்டுமென்றால் மாதக்கணக்கில் உழைக்க வேண்டும். தொடு உணர்வு, பெடல், பாவம் என்று எல்லாமே கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மாறும். ஸ்கேலில் 14லிருந்து 19க்கு ஏறுவதற்கு அவ்வளவு பாடில்லை, தினமும் ஒழுங்காக உட்கார்ந்தால் போதும். ட்ரினிட்டியில் மொத்தம் 100 மதிப்பெண், அதில் டெக்னிகல் வொர்க்குக்கு 14. அங்கே ஸ்கேல்களோடு சிறு பயிற்சி உருப்படிகளும் சேர்ந்து வரும். நான் இனிச் சொல்லப்போவது பெரும்பாலும் இரண்டுக்குமே பொருந்தும்.

ஏபிஆர்எஸ்எம்மில் பெர்ஃபார்மன்ஸ் கிரேடு என்று இன்னொரு வழியும் உண்டு. நான்கு பாடல்களை வாசித்து வீடியோவாகப் பதிந்து அனுப்ப வேண்டும், ஸ்கேல் கேட்கமாட்டார்கள். ஸ்கேலுக்குப் பயந்து அந்தப் பக்கம் போகும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். பாடல் வாசிப்பில் ஆர்வம் இருந்து போனால் சரி. பயத்தில் போனால், அடுத்தடுத்த கிரேடுகளின் பாடல்களுக்குள்ளேயே அந்த ஸ்கேல்கள் ஒளிந்துகொண்டு காத்திருக்கும்.

எக்ஸாமினர் என்ன கேட்கிறார்

ஸ்கேல் பகுதியில் 19 முதல் 21 வரை வாங்க வேண்டுமென்றால் சுரங்கள் சரியாக இருக்க வேண்டும், தடையில்லாமல் தாளத்தோடு ஓட வேண்டும், இசையாக ஒலிக்க வேண்டும். இவற்றோடு நான்காவதாக ஒன்றும் இருக்கிறது: கேட்டவுடன் எவ்வளவு நம்பிக்கையோடு ஆரம்பிக்கிறோம் என்பது. 14 முதல் 16 வரை வாங்குகிறவர்களின் தொடக்கத்தில் தயக்கம் தெரியும் என்று அவர்களுடைய மதிப்பீட்டு விதியிலேயே போட்டிருக்கிறது. இந்த நான்காவது விஷயத்தை யாரும் பயிற்சி செய்வதே இல்லை. எனக்குத் தெரிந்து மதிப்பெண் போவது அதிகமாக இங்கேதான்.

எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன். புத்தகத்தில் இருக்கும் வரிசைப்படி ஸ்கேல்களைத் தினமும் முதலிலிருந்து கடைசி வரை வாசிப்பான். கேட்க அழகாக இருக்கும். ஒரு நாள் வகுப்பு தொடங்கியதும், ‘இ ஃபிளாட் மேஜர், இரண்டு கையும் சேர்த்து’ என்றேன். இ சுரத்துக்கு அரைச் சுரம் கீழே உள்ள கறுப்புக் கட்டையில் தொடங்கும் ஸ்கேல் அது. வலது கையைத் தூக்கினான், கட்டை விரலை இ ஃபிளாட் மேல் வைத்தான், எடுத்தான், ஆள்காட்டி விரலை வைத்தான், அதையும் எடுத்தான். அப்புறம் என்னைப் பார்த்து, ‘மிஸ், ஒரு தடவை பி ஃபிளாட் வாசிச்சுட்டு வரட்டுமா?’ என்றான். அவன் கைக்கு அந்த ஸ்கேல் தெரியும். ஆனால் முந்தின ஸ்கேலின் வாலைப் பிடித்துக்கொண்டால்தான் வரும். எக்ஸாமினர் அந்த வாலைக் கொடுக்கமாட்டார். எந்த வரிசையிலும் கேட்பார், ஒரு கையை மட்டும் கேட்பார், ஸ்கேல் கேட்டுவிட்டு உடனே ஆர்பெஜியோவுக்குத் தாவுவார். எல்லாம் புத்தகம் பார்க்காமல்.

அதனால் பயிற்சி என்பது இரண்டு தனி வேலை. ஒன்று, விரலுக்கு வழி தெரிய வேண்டும். இன்னொன்று, பெயரைக் கேட்டதும் முதல் சுரத்தில் சரியான விரல் போய் உட்கார வேண்டும்.

விரல் வழி: நான்காம் விரலைப் பிடித்துக்கொள்ளுங்கள்

கட்டை விரல் 1, சுண்டு விரல் 5 என்பது எல்லாருக்கும் தெரியும். ஸ்கேலில் 1, 2, 3 மாறி மாறி வந்துகொண்டே இருக்கும். நான்காம் விரல், அதாவது மோதிர விரல், ஒரு ஆக்டேவில் (ஒரு ச முதல் அடுத்த ச வரை) ஒரே ஒரு தடவைதான் வரும். அது எங்கே வருகிறது என்று தெரிந்துவிட்டால் மற்ற விரல்கள் தாமாகவே இடம் பிடித்துக்கொள்ளும். முழு விரல் எண் வரிசையையும் மனப்பாடம் செய்கிற பிள்ளைகள் பதற்றத்தில் அதை இழந்துவிடுகிறார்கள். ஒரே ஒரு இடத்தை நினைவு வைத்திருக்கிற பிள்ளை இழப்பதில்லை.

சி, ஜி, டி, ஏ, இ ஆகிய ஐந்து மேஜர் ஸ்கேல்களுக்கும் (மேஜர் என்றால் சங்கராபரணத்தின் சுரங்கள்) ஒரே விரல் வழி. நம் வீடுகளில் பாதிப் பிள்ளைகள் கர்நாடக சங்கீதமும் கற்றவர்கள் என்பதால் நான் ச ரி க ம வைத்தே சொல்லிவிடுவேன்: வலது கையில் நான்காம் விரல் ‘நி’யில், இடது கையில் நான்காம் விரல் ‘ரி’யில். சி மேஜரில் வலது கைக்கு பி, இடது கைக்கு டி. ஜி மேஜரில் வலது கைக்கு எஃப் ஷார்ப் (எஃப்புக்கு அரைச் சுரம் மேலே), இடது கைக்கு ஏ. இந்த ஒரு வாக்கியத்தில் ஐந்து ஸ்கேல் முடிந்தது.

ஃபிளாட் ஸ்கேல்கள்தான் கஷ்டம் என்று பேர். எனக்கு அவைதான் பிடிக்கும், ஏனென்றால் அங்கே ஒழுங்கு இன்னும் அழகாக இருக்கிறது. எஃப், பி ஃபிளாட், இ ஃபிளாட், ஏ ஃபிளாட், டி ஃபிளாட் ஆகிய ஐந்து மேஜர் ஸ்கேல்களிலும் வலது கையின் நான்காம் விரல் பி ஃபிளாட் கட்டையில்தான் விழும். எந்த இடத்திலிருந்து ஆரம்பித்தாலும் சரி, பி ஃபிளாட் வந்தால் நான்கு. இடது கையில் எஃப் மேஜருக்கு மட்டும் சி மேஜரின் வழியே போதும். மற்ற நான்கிற்கும் 3 2 1 4 3 2 1 என்று ஒரே வழி, நான்காம் விரல் ‘ம’வில் விழும். இதைச் சொல்லிக்கொடுத்த அன்றே இ ஃபிளாட்டும் ஏ ஃபிளாட்டும் நிமிர்ந்து நிற்கும்.

வீட்டில் இதை ஒரு முறை செய்து பாருங்கள். பியானோ மூடியை மூடிவிட்டு, அதன் மேல் விரல்களால் பி ஃபிளாட் மேஜரை வாசித்துக்கொண்டே நான்காம் விரல் விழும்போது மட்டும் சுரத்தின் பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சத்தம் வராததால் காது உதவிக்கு வராது, மூளை வேலை செய்தே ஆக வேண்டும். இதில் தடுமாறாத பிள்ளை தேர்வு அறையில் தடுமாறுவதில்லை.

புத்தகத்தில் போட்டிருக்கும் விரல் எண்தான் வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நன்றாக ஒலிக்கிற எந்த விரல் வழியும் செல்லும். ஆனால் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டால் அதைப் பென்சிலால் எழுதிவைத்து, தேர்வு முடியும்வரை மாற்றக் கூடாது. திங்கட்கிழமை ஒரு விரல், புதன்கிழமை ஒரு விரல் என்று வாசித்தால் கை எதையும் கற்றுக்கொள்ளாது.

இரண்டு கையும் சேரும்போது

தனித்தனியாக நன்றாக வருவது சேர்த்தால் உடைவதற்குக் காரணம் இரண்டு கட்டை விரல்களும் வேறு வேறு நேரத்தில் புரள்வதுதான். எங்கே இரண்டும் ஒன்றுசேர்கின்றன என்பதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். சி மேஜரில் இரண்டு கையின் நடுவிரலும் ஒரே நேரத்தில் இ மேல் விழும், அப்புறம் ஏ மேல் விழும். ஜி, டி, ஏ, இ மேஜர்களிலும் அப்படியே, ‘க’வும் ‘த’வும் எப்போதும் 3க்கு 3. அந்த இரண்டு இடத்திலும் நின்று, சரிபார்த்து, மேலே போகச் சொல்வேன். ஒரு வாரம் நின்று நின்று வாசித்தபின் நிற்காமல் வாசித்தால் கை தானாகவே அங்கே கூடும்.

பி மேஜர் பார்க்கப் பயமுறுத்தும், ஐந்து ஷார்ப். ஆனால் அதில் இரண்டு கட்டை விரல்களும் எப்போதும் ஒன்றாகவே விழும், இ மேலும் பி மேலும். நீளமான விரல்கள் கறுப்புக் கட்டைகளில் சுகமாக இருக்கும். பியானோ மேதை ஷோபான் தம் மாணவர்களுக்கு முதலில் பி மேஜரைக் கொடுத்து, சி மேஜரைக் கடைசிக்கு வைத்தார். கறுப்புக் கட்டை ஒன்றுகூட இல்லாத சி மேஜரில் கை பிடிக்க அடையாளமே இல்லை என்பதை யோசித்தால் காரணம் புரியும்.

கைகள் எதிரெதிர்த் திசையில் போகும் கான்ட்ரரி மோஷன் கேட்டால் சந்தோஷப்படுங்கள். இரண்டு கையிலும் ஒரே நேரத்தில் ஒரே விரல். இ மேஜரில் இன்னும் விசேஷம்: வலது கை கறுப்புக் கட்டைக்குப் போகும்போது இடது கையும் கறுப்புக் கட்டைக்கே போகும், வெள்ளைக்குப் போனால் வெள்ளைக்கு. முதல் முறை இதைக் கவனிக்கும் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

மைனர் ஸ்கேல்களுக்கு நம் காது ஏற்கெனவே பழகியிருக்கிறது. ஹார்மோனிக் மைனரின் சுரங்கள் கீரவாணியின் சுரங்கள். மெலோடிக் மைனர் ஏறும்போது கௌரிமனோகரி, இறங்கும்போது நடபைரவி. மெலோடிக் மைனரில் ஏறினதையே இறக்கிவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. மேல் சுரத்தைத் தொடும்போதே மனத்தில் ‘நடபைரவி’ என்று சொல்லிக்கொள்ளும்படி ஒரு பெண்ணுக்குச் சொன்னேன், அவளுக்கு அந்தப் பிழை போய்விட்டது. கர்நாடக சங்கீதம் தெரியாத பிள்ளைகளுக்கு இறங்கும் வரிசையை முதலில் தனியாகச் சொல்லித்தந்துவிட்டு, அப்புறம் ஏறுவதைச் சேர்ப்பேன்.

எந்தக் கட்டையையும் விடாமல் வாசிக்கும் குரோமாட்டிக் ஸ்கேலுக்கு அதிக நேரம் வேண்டாம். கறுப்பில் 3, வெள்ளையில் 1, வெள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் வரும் இடத்தில் மட்டும் 2. வலது கைக்கு அந்த 2 எஃப் மேலும் சி மேலும், இடது கைக்கு இ மேலும் பி மேலும்.

ஆர்பெஜியோ

ஸ்கேலில் கட்டை விரல் பக்கத்துக் கட்டைக்குத்தான் போகிறது. ஆர்பெஜியோவில் ஜியிலிருந்து சிக்குத் தாண்ட வேண்டும். இங்கே பிள்ளைகள் கட்டை விரலை உள்ளங்கைக்கு அடியில் திணித்து, முழங்கையை வெளியே தூக்கி, சிமீது பொத்தென்று விழுகிறார்கள். அந்த ‘பொத்’ எக்ஸாமினர் காதில் ஒவ்வொரு ஆக்டேவிலும் விழும். வேகமாக வாசிக்கும்போது விரல்களுக்கு இடையே ஒட்டு வேண்டியதில்லை. முன்கை முழுவதுமாக வலப்பக்கம் நகர்ந்துகொண்டே இருந்தால் கட்டை விரல் தன் இடத்துக்குத் தானே வந்து சேரும்.

நான் கொடுக்கும் பயிற்சி இது. சி, இ, ஜி மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள். கையைத் தூக்கி அடுத்த ஆக்டேவின் சி, இ, ஜி மேல் சத்தமில்லாமல் வையுங்கள், வைத்தபின் அழுத்துங்கள். இப்படியே ஏறி, இறங்கி வாருங்கள். கைக்கு அந்தத் தூரம் பழகியதும் மூன்று சுரங்களையும் பிரித்து வாசியுங்கள். விரல்கள் வலது கையில் 1 2 3 1 2 3 5. இடது கையில் சி, எஃப், ஜி மேஜர்களுக்கு 5 4 2 1 4 2 1. டி, ஏ, இ மேஜர்களில் நடுச் சுரம் கறுப்புக் கட்டை, அதனால் நான்காம் விரலுக்குப் பதில் மூன்றாம் விரல்: 5 3 2 1 3 2 1. இந்த 4க்கும் 3க்கும் உள்ள குழப்பத்தில்தான் இடது கை ஆர்பெஜியோ பலருக்குத் தடுக்குகிறது. நடுச் சுரம் வெள்ளையா கறுப்பா என்று மட்டும் பார்த்தால் போதும்.

வேகம்

சிலபஸில் ஒவ்வொரு கிரேடுக்கும் பரிந்துரைக்கும் குறைந்தபட்ச வேகம் போட்டிருக்கிறது. அதை முதல் நாளே பார்த்துவிடுங்கள், ஆனால் முதல் நாளே அங்கே போக முயல வேண்டாம். சரளி வரிசையை மூன்று காலத்தில் பாடுகிற பழக்கத்தையே இங்கேயும் கொண்டுவரலாம். தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, ஒரு தட்டுக்கு ஒரு சுரம், அப்புறம் இரண்டு, அப்புறம் நான்கு. தட்டு மாறாது, சுரம்தான் அடர்த்தியாகும். மெட்ரோனோம் எண்ணை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு போவதைவிட இது தாளத்தை உறுதியாக்குகிறது.

எல்லா ஸ்கேலையும் ஒரே வேகத்தில் வாசிப்பது முக்கியம். சி மேஜர் பறக்கும், ஏ ஃபிளாட் நொண்டும் என்றிருந்தால், எக்ஸாமினருக்கு எது தயாராகவில்லை என்று நீங்களே சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். உங்களுக்கு மிகக் கடினமான ஸ்கேல் எந்த வேகத்தில் சுத்தமாக வருகிறதோ அதுதான் இந்த வாரத்தின் வேகம், எல்லாவற்றுக்கும்.

உச்சிச் சுரத்தையும் கவனியுங்கள். அங்கே போய் ஒரு மூச்சு நிற்பதும், திரும்பும்போது அவசரப்படுவதும் நிறையப் பேரிடம் இருக்கிறது. கைப்பேசியில் பதிவு செய்து, அடுத்த அறையில் உட்கார்ந்து கேட்டால் இது உடனே தெரியும். வாசிக்கும்போது தெரியாது. ஏறும்போது ஒலியைக் கொஞ்சம் வளர்த்து, இறங்கும்போது குறைத்தால் அந்தத் திருப்பமும் இயல்பாகிவிடும், ஸ்கேல் இசையாகவும் ஒலிக்கும்.

சீட்டு எடுப்பது

விரல் வழி ஓரளவு பழகியதும், அதாவது தேர்வுக்கு ஆறு வாரம் முன்பாவது, சீட்டு வேலையைத் தொடங்க வேண்டும். சிலபஸில் இருக்கும் ஒவ்வொன்றையும் தனித்தனிச் சீட்டில் எழுதுங்கள். ‘டி மேஜர்’ என்று பொதுவாக எழுதாமல், ‘டி மேஜர் ஸ்கேல், இடது கை’, ‘டி மேஜர் ஆர்பெஜியோ, இரண்டு கையும்’ என்று முழுதாக எழுத வேண்டும். பெரிய கிரேடுகளில் லெகாட்டோவா (சுரங்களை ஒட்டி) ஸ்டக்காட்டோவா (வெட்டி வெட்டி) என்பதையும் எழுதுங்கள். இரண்டு டப்பா வேண்டும். எல்லாச் சீட்டும் முதல் டப்பாவில். ஒரு சீட்டை எடுத்து வாசித்து, முதல் முயற்சியிலேயே சரியாக வந்தால் மட்டும் அது இரண்டாவது டப்பாவுக்குப் போகும். இரண்டாம் முயற்சியில் சரியாக வந்ததற்குக் கணக்கில்லை, திரும்ப முதல் டப்பாவுக்கே. முதல் டப்பா காலியானதும் எல்லாவற்றையும் கொட்டி மறுபடி ஆரம்பிக்க வேண்டும்.

சீட்டைப் படித்ததும் கை உடனே பாயக் கூடாது. மூன்று விஷயம் மனத்தில் ஓட வேண்டும்: எத்தனை ஷார்ப் அல்லது ஃபிளாட், முதல் சுரத்தில் எந்த விரல், நான்காம் விரல் எங்கே. ஆரம்பத்தில் வாய்விட்டுச் சொல்லட்டும், அப்புறம் மனத்துக்குள். இதற்கு ஐந்து வினாடிக்கு மேல் ஆகாது. அந்த ஐந்து வினாடியை எந்த எக்ஸாமினரும் தயக்கம் என்று நினைக்கமாட்டார். கையை வைத்து வைத்து எடுப்பதுதான் தயக்கமாகத் தெரியும்.

சங்கீதம் தெரியாத பெற்றோர்கள், ‘நாங்க எப்படி உதவுறது மிஸ்?’ என்று கேட்பதுண்டு. சீட்டைப் படிப்பது அவர்கள் வேலை. அடுக்களையிலிருந்தே படிக்கலாம். சுரம் சரியா என்று அவர்கள் பார்க்க வேண்டாம், நின்று போனதா, திரும்ப ஆரம்பித்ததா என்று மட்டும் கேட்டால் போதும். இதில் இன்னொரு லாபமும் உண்டு. பி, டி, இ மூன்றும் காதில் கிட்டத்தட்ட ஒன்றுபோல விழும். எக்ஸாமினர் பெரும்பாலும் வெளிநாட்டவர், உச்சரிப்பு பழகியிராது. அடுத்தவர் குரலில் கேட்டு வாசித்துப் பழகியிருந்தால் அந்தத் திகைப்பு குறையும். தேர்விலும் சரியாகக் காதில் விழவில்லையென்றால், ‘பி ஃபிளாட்டா, டி ஃபிளாட்டா?’ என்று கேட்டுவிடுங்கள். கேட்பதற்கு மதிப்பெண் குறையாது, தவறான ஸ்கேலை அழகாக வாசித்தால் குறையும்.

கடைசி வாரமும் தேர்வு அறையும்

வீட்டில் 61 கட்டை உள்ள லேசான கீபோர்டில் பயிற்சி செய்யும் பிள்ளைகள் தேர்வுக்கு முன் நான்கைந்து முறையாவது உண்மையான பியானோவில் வாசித்தாக வேண்டும். கட்டையின் எடை வேறு. நான்காம், ஐந்தாம் விரல்கள் அங்கே திடீரென்று பலவீனமாகிவிடும், ஆர்பெஜியோவின் உச்சிச் சுரம் ஒலிக்காமலே போகும். ஆசிரியர் வீட்டிலோ, பள்ளியிலோ, தேவாலயத்திலோ கேட்டு வாங்கி வாசியுங்கள்.

ஏபிஆர்எஸ்எம்மில் எதை முதலில் செய்வது என்று நீங்களே சொல்லலாம். நான்காம் கிரேடு வரை என் பிள்ளைகளை ஸ்கேலிலிருந்தே ஆரம்பிக்கச் சொல்வேன். அறிமுகமில்லாத பியானோவின் எடையும் ஒலியும் பாடலுக்கு முன்னாலேயே கைக்குத் தெரிந்துவிடும். அதற்கு மேலே போனால் பிள்ளையின் சுபாவத்தைப் பார்த்து முடிவு செய்யலாம். பாடலில் உற்சாகம் கொள்கிற பிள்ளை பாடலிலேயே ஆரம்பிக்கட்டும். ஏசி அறையில் விரல் சில்லிட்டுப் போகும், உள்ளே போகும்வரை கையை மடக்கித் தேய்த்துக்கொண்டிருக்கச் சொல்லுங்கள்.

நடுவில் ஒரு சுரம் தவறினால் நிற்காமல் போய்விட வேண்டும். ஓட்டம் உடையாமல் ஒரு தவறு இருப்பது, நின்று திருத்துவதைவிட நல்லது. தொடக்கமே தவறாகிவிட்டால் மட்டும், கையை மடியில் வைத்து, ‘மறுபடி ஆரம்பிக்கிறேன்’ என்று ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அந்த மூன்று விஷயத்தையும் நினைத்து, புதிதாக ஆரம்பிக்கலாம். ஒரு ஸ்கேல் கெட்டுப்போனாலும் அடுத்ததற்கு அது தொடர வேண்டாம். இந்தப் பகுதியில் தேர்ச்சி எண்ணுக்குக் கீழே போனாலும் மொத்தம் 100 இருந்தால் கிரேடு கிடைத்துவிடும் என்பதைப் பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அது தெரிந்த பிள்ளை பதறாமல் அடுத்த கேள்வியைக் காதில் வாங்கும்.